ஊருக்கு ஒரு புது உயர்நிலைப்பள்ளி, கூடவே ஒரு மைதானம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நடுநிலைப்பள்ளி உயர்நிலைப்பள்ளியாகத் தரம் உயர்ந்தபோது பழைய இடம் போதவில்லை. ஊருக்கு வெளியே 3 ஏக்கரில் புது வளாகம் கட்டினார்கள். நிலம் தேடியதில் தொடங்கி சாவி வாங்கியது வரை பெற்றோர் தரப்பில் கூடவே அலைந்தவர்களில் நானும் ஒருவன். அதற்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரர்கள் போனிலும் டீக்கடையிலும் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளை மனதில் வைத்து எழுதியது. மண்ணைப் பற்றிச் சொல்வது எங்கள் கரிசல் காட்டு அனுபவம்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்? எத்தனை வகுப்பறை என்பதையா?

இல்லை, மைதானத்தை. நிலத்தின் படத்தில் முதலில் மைதானத்தை வரையுங்கள், மீதி இருப்பதில் கட்டடத்தை உட்கார வையுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் இது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போனாலும் எனக்குப் போதும். வகுப்பறை பற்றவில்லை என்றால் மேலே இன்னொரு மாடி எடுக்கலாம், ஆனால் மைதானத்துக்கு மாடி கிடையாது.

நான் படித்த பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய மைதானம்தான் இருந்தது. ஒரு வருடம் ஏதோ ஒரு நிதி வந்தது, நடுவில் இரண்டு வகுப்பறை கட்டினார்கள். அப்புறம் ஆய்வகம், சைக்கிள் ஷெட், அதற்கப்புறம் கலையரங்க மேடை. ஒவ்வொன்றும் தேவையான கட்டடம்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எது எங்கே வர வேண்டும் என்று எழுதி வைத்த படம் இல்லாததால், வந்தவர்கள் எல்லோரும் காலியாகத் தெரிந்த இடத்தில் வானம் தோண்டினார்கள். நான் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது நீளம் தாண்ட ஓடிவர 12 எட்டு வைக்கும் இடம்தான் மிச்சம்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

தனியார் பள்ளிகளுக்காக, தமிழக அரசு அமைத்த சிட்டிபாபு குழு சொன்ன அளவு ஒன்று இருக்கிறது: மாநகராட்சியில் 6 கிரவுண்டு (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி), மாவட்டத் தலைநகரில் 8, நகராட்சியில் 10, பேரூராட்சியில் 1 ஏக்கர், கிராம ஊராட்சியில் 3 ஏக்கர். அரசுப் பள்ளிக்கும் கிராமத்தில் 3 ஏக்கரை மனதில் வைத்துத் தேடுவது நல்லது. இது ஆசைக்காகச் சொல்வதில்லை, கீழே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

3 ஏக்கர் என்றால் ஏறத்தாழ 12,140 சதுர மீட்டர். 135 மீட்டர் நீளமும் 90 மீட்டர் அகலமும் உள்ள ஒரு செவ்வகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவைவிட வடிவம் முக்கியம். மூலை மூலையாக நாலு பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் 4 ஏக்கரைவிட, சதுரமாக வெட்டிய 3 ஏக்கர் பள்ளிக்கு மேல்.

நிலம் எங்கிருந்து வரும்?

அரசுப் புறம்போக்கு, அல்லது யாராவது கொடுக்கும் தானம். இந்த இரண்டும்தான் பெரும்பாலும்.

புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையிலிருந்து பள்ளிக் கல்வித் துறைக்கு நில மாற்றம் ஆக வேண்டும். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் அந்தப் புல எண் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்பதை முதல் நாளே பாருங்கள். குளம், ஏரி, ஓடை என்று இருந்தால் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிடுங்கள். "தண்ணி வந்து முப்பது வருசமாச்சு, சும்மாதானே கிடக்கு" என்று ஊரில் சொல்வார்கள், எங்கள் ஊரிலும் சொன்னார்கள். ஏரிகளைப் பாதுகாக்க 2007-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, நீதிமன்றமும் இதில் விடுவதில்லை. அது மட்டுமில்லை, முப்பது வருடம் வராத தண்ணீர் ஒரு ஐப்பசியில் வந்தால் நேராகப் பிள்ளைகளின் பெஞ்சுக்குத்தான் வரும்.

தானம் என்றால் மதுரைக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது கொடிக்குளம். அங்குள்ள ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளியை உயர்நிலைப்பள்ளி ஆக்குவதற்காக, வங்கியில் வேலை பார்க்கும் ஆயி பூரணம் அம்மாள், இறந்துபோன தன் மகள் ஜனனியின் நினைவாக 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தைக் கொடுத்தார். பல கோடி பெறுமானமுள்ள இடம். 2024 குடியரசு தின விழாவில் முதலமைச்சர் அவருக்குச் சிறப்பு விருது கொடுத்தார். உங்கள் ஊரிலும் அப்படி ஒரு மனசு இருக்கலாம், போய்க் கேட்டுப் பாருங்கள். ஆனால் வாய்வார்த்தையோடு நிறுத்தாமல் தானப் பத்திரத்தைப் பதிவு செய்து, உட்பிரிவு செய்து, பட்டாவையும் மாற்றிவிடுங்கள். கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் வேலி போட வந்த கதைகள் நம் பக்கத்தில் நிறைய உண்டு.

400 மீட்டர் ஓடுதளம் வைக்க முடியுமா?

எல்லாரும் கேட்பது இது. 3 ஏக்கரில் முடியாது. உலகத் தடகள அமைப்பின் அளவுப்படி 400 மீட்டர் தடத்தின் நேர்ப்பகுதி 84.39 மீட்டர், வளைவின் ஆரம் 36.50 மீட்டர், ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர். எட்டுப் பாதை போட்டால் நீளம் 177 மீட்டர், அகலம் ஏறக்குறைய 93 மீட்டர் வரும். அதாவது தடத்துக்கே 4 ஏக்கர் ஆகிவிடும், ஒரு வகுப்பறை கட்டக்கூட இடம் மிஞ்சாது.

200 மீட்டர் தடம் போடுங்கள். நேர்ப்பகுதி 40 மீட்டர், வளைவு ஆரம் 18.80 மீட்டர் என்று வைத்தால், உள்கோட்டிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி ஓடுகிறவருக்குச் சரியாக 200 மீட்டர் வரும். ஆறு பாதை போட்டால் 92-க்கு 52 மீட்டர், கிட்டத்தட்ட 1 ஏக்கர் 20 சென்ட். தடத்துக்கு உள்ளே சும்மா கிடக்கும் இடத்தில் 27-க்கு 16 மீட்டர் கோ-கோ களமும், ஓரம் விட்டு 24-க்கு 15 மீட்டரில் கைப்பந்துக் களமும் பக்கம் பக்கமாக உட்காரும். இரண்டு முனையிலும் உள்ள அரைவட்டத்தில் ஆளுக்கொரு கபடிக் களம், ஒன்று 13-க்கு 10, இன்னொன்று பெண்களுக்கும் ஜூனியர்களுக்கும் உரிய 12-க்கு 8.

பெரும்பாலும் எல்லாரும் மறப்பது 100 மீட்டர் ஓட்டத்தை. 92 மீட்டர் நீளத் தடத்தில் அதை எப்படி ஓடுவது? ஒரு பக்க நேர்ப்பகுதியை மட்டும் இரு முனையிலும் நீட்ட வேண்டும். ஓடத் தொடங்கும் இடத்துக்குப் பின்னால் 3 மீட்டர், முடிந்த பிறகு வேகம் தணிய 17 மீட்டர், ஆக மொத்தம் 120. நிலம் 135 மீட்டர் நீளம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான். முடிவுக்கோட்டிலிருந்து நாலே எட்டில் காம்பவுண்டுச் சுவர் இருந்தால், பிள்ளைகள் கடைசி 20 மீட்டரில் தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எந்தக் கோச் வந்தாலும் அந்தப் பழக்கத்தை மாற்ற முடியாது.

மைதானமும் கட்டடமும் எந்தத் திசை பார்த்து இருக்க வேண்டும்?

இரண்டுக்கும் நேர்மாறான விதி. மைதானத்தின் நீளம் தெற்கு வடக்காக ஓட வேண்டும், இல்லாவிட்டால் காலையிலும் மாலையிலும் ஒரு அணிக்கு வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். வகுப்பறைக் கட்டடத்தின் நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போதுதான் சுள்ளென்ற கிழக்கு வெயிலும் மேற்கு வெயிலும் குறுகிய சுவரில் மட்டும் படும், சன்னல்கள் வடக்கிலும் தெற்கிலும் வரும். தெற்குப் பக்கம் தாழ்வாரம் வைத்தால் அதுவே நிழல்.

135-க்கு 90 நிலத்தில் இதைப் பொருத்திப் பாருங்கள். நீளப் பக்கம் தெற்கு வடக்காக இருந்தால், மைதானத்துக்கு 53 மீட்டர் பட்டையை விட்டதுபோக 37 மீட்டர் அகலப் பட்டை கட்டடத்துக்கு மிஞ்சும். அதில் 30 மீட்டர் நீளத் தொகுதிகளைக் கிழக்கு மேற்காக, ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் மரம் வைக்க இடம்விட்டு அடுக்கலாம். ஒரு தொகுதியில் தளத்துக்கு மூன்று வகுப்பறையும் ஒரு படிக்கட்டும். மாடியோடு இரண்டு தொகுதி என்றால் 12 அறை. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை இரண்டிரண்டு பிரிவுக்குப் பத்து அறை போக இரண்டு மிச்சம். ஆய்வகம், நூலகம், தலைமை ஆசிரியர் அறை எல்லாம் மூன்றாவது தொகுதி. பிறகு மேல்நிலைப்பள்ளி ஆனால் மேலே மாடி எடுக்கிற மாதிரி அஸ்திவாரத்தை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

பிளான் போடுவது பொதுப்பணித் துறை. நாம் சொன்னால் கேட்பார்களா?

நேரத்தில் சொன்னால் கேட்பார்கள். வகுப்பறைக் கட்டடத்துக்கு அவர்களிடம் மாதிரி வரைபடம் தயாராக இருக்கும், அதில் கை வைக்க முடியாது, வைக்கவும் வேண்டாம். அந்தக் கட்டடம் நிலத்தில் எங்கே உட்கார வேண்டும் என்பதுதான் நாம் பேச வேண்டிய இடம்.

நாங்கள் செய்தது இது. பொதுப்பணித் துறையின் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) இடம் பார்க்க வருவதற்கு முந்தின ஞாயிறு காலை, பி.டி. மாஸ்டரும் ஏழெட்டுப் பெற்றோரும் முளைக்குச்சி, சணல் கயிறு, ஒரு மூட்டை சுண்ணாம்புடன் அந்தக் காட்டுக்குப் போனோம். கருவேலங்கன்றுகளை வெட்டி ஒதுக்கிவிட்டு, நடுவில் ஒரு குச்சி அடித்து, 18.80 மீட்டருக்குக் கயிறு அளந்து கட்டி, ஒருவர் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுற்ற, பின்னாலேயே இன்னொருவர் பொத்தல் போட்ட பால் பவுடர் டப்பாவில் சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே போனார். பத்து மணிக்கு வெறும் காட்டில் ஒரு வெள்ளை வளையம் தெரிந்தது. கூட வந்த சின்னப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே அதில் ஓட ஆரம்பித்துவிட்டார்கள். மறுநாள் வந்த ஏ.இ. அந்தக் கோட்டைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். "சரி, இதைத் தாண்டி நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டு மேற்கு ஓரத்தில் அளக்கப் போனார். மனுவாக எழுதிக் கொடுத்திருந்தால் இவ்வளவு எளிதாக நடந்திருக்குமா என்று தெரியாது.

பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமாகவும் அதைப் பதிவு செய்தோம். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். கழிப்பறை எங்கே வர வேண்டும் என்ற பேச்சு சரியான திசையில் போனதற்கு அந்தப் பெண்கள்தான் காரணம்.

கழிப்பறை எங்கே இருக்க வேண்டும்?

பெண்பிள்ளைகளின் கழிப்பறையை வளாகத்தின் கடைசி மூலையில், சுவரோரம், மரத்துக்குப் பின்னால் கட்டுவது பழைய பழக்கம். அங்கே அவர்கள் போகமாட்டார்கள். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். தண்ணீர் குடிக்காத பிள்ளை எப்படி ஓடும்? எங்கள் குழுவில் ஒரு அக்கா இதே வார்த்தையில் கேட்டார், அதோடு விவாதம் முடிந்தது. கட்டடத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில், ஆசிரியர் அறையிலிருந்து பார்த்தால் வாசல் தெரிகிற தூரத்தில் கட்டினோம், உடை மாற்ற ஒரு சின்ன அறையும் சேர்த்து. அந்த அறை வந்த பிறகுதான் ஒன்பதாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் கபடிக்கு முழு அணியாக வந்தார்கள்.

எண்ணிக்கை என்றால், 20 பேருக்கு ஒரு சிறுநீர் கழிப்பிடம், 50 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது தமிழ்நாட்டு அளவு. தண்ணீர்த் தொட்டியையும் போர்வெல்லையும் இதோடு சேர்த்தே திட்டமிடுங்கள்.

கரிசல் மண்ணில் கட்டடம் நிற்குமா?

நிற்கும், அஸ்திவாரம் சரியாக இருந்தால். கரிசல் மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கி வெடிக்கும். நம் வீட்டுச் சுவர்களில் சாய்வாக ஓடும் விரிசல் எல்லாம் அதனால் வருவதுதான். சாதாரணக் கல் அஸ்திவாரம் இங்கே போதாது. மண் பரிசோதனை செய்து, அடியில் குமிழ் மாதிரி அகலும் அண்டர்ரீம் பைல் போடச் சொல்வார்கள், குறைந்தது 3.5 மீட்டர் ஆழத்துக்கு. செலவு கூடும்தான். அதை மிச்சம் பிடிக்க யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மைதானத்துக்கும் இதே மண்தான் எதிரி. மேல் கரிசலை ஓரடிக்குக் குறையாமல் எடுத்துவிட்டு, சரளை பரப்பி, ரோலர் விட்டு, அதன்மேல் செம்மண்ணும் கொஞ்சம் மணலும் கலந்து போட்டுத் தண்ணீர் தெளித்து மறுபடி உருட்ட வேண்டும். தடத்தின் குறுக்கே சரிவு 100-க்கு 1-க்கு மேல் போகக்கூடாது, ஓடும் திசையில் 1,000-க்கு 1. வெட்டி எடுத்த கரிசலை வீணாக்க வேண்டாம், சுற்றிலும் வேம்பும் புங்கையும் வைக்க ஆகும்.

ஊர்க்காரர்கள் வேலையைச் சரிபார்க்க முடியுமா?

நிச்சயமாக. கம்பி எத்தனை எம்.எம். என்று சண்டை போடுவதைவிட, தேதியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கான்கிரீட் போட்ட நாள், தண்ணீர் காட்டிய நாட்கள், முட்டுப் பிரித்த நாள். சாதாரண சிமெண்டு என்றால் குறைந்தது 7 நாள், கலப்புச் சிமெண்டு என்றாலோ கடும் வெயில் என்றாலோ 10 நாள் ஈரம் காயக்கூடாது. இப்போது கடையில் வருவது பெரும்பாலும் கலப்புச் சிமெண்டுதான், அதனால் பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்கு அடியில் முட்டு, 4.5 மீட்டர் வரை அகலமென்றால் 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள், 6 மீட்டருக்கு மேற்பட்ட உத்திரத்துக்கு 21 நாள். சித்திரை வெயிலில் தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா என்று தினமும் மாடி ஏறிப் பார்க்க ஒரு ஆள் இருந்தால் போதும். எங்களுக்கு அந்த ஆள் பள்ளிக்கு எதிரே ஆடு மேய்க்கும் ஒரு தாத்தா. அவர் பேத்தி ஏழாம் வகுப்பு.

பாதுகாப்பில் எதை விட்டுக்கொடுக்கவே கூடாது?

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். சமையலறைத் தீ கூரைக் கொட்டகைக்குப் பரவியது, மாடியிலிருந்து வெளியே வர வழி போதவில்லை. அதனால் சத்துணவுக் கூடம் தனிக் கட்டடமாக, வகுப்பறையைவிட்டுத் தள்ளி, பிள்ளைகள் வெளியே ஓடும் பாதையில் குறுக்கிடாமல் இருக்க வேண்டும். தற்காலிகமாகக்கூட ஓலைக் கூரை வேண்டாம். மாடிக்கு இரண்டு படிக்கட்டு, இரண்டு முனையிலும். தொகுதிக்கு ஒரு படிக்கட்டு என்று மேலே சொன்னேன் அல்லவா, அடுத்தடுத்த தொகுதிகளை மாடியில் ஒரு பாலத்தாழ்வாரத்தால் இணைத்து இன்னொரு வழி கொடுங்கள். தீயணைப்பு வண்டி உள்ளே வந்து திரும்பும் அளவுக்கு கேட் அகலம் இருக்கட்டும்.

சாய்தளம் 12 அடிக்கு ஓரடிக்கு மேல் ஏறக்கூடாது, இருபுறமும் கைப்பிடியோடு. அது வகுப்பறைக்கு மட்டும் போய் நின்றுவிடாமல் மைதானம் வரைக்கும் போகட்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும் குண்டு எறிய ஆசை இருக்கும்.

பணம்?

கட்டடத்துக்கு அரசு நிதி வரும், நபார்டு கடனிலோ பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்திலோ. மைதானத்துக்கென்று தனியாகப் பெரிதாக எதுவும் வராது. எம்.எல்.ஏ. தொகுதி நிதி, நமக்கு நாமே திட்டம், வெளியூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் என்று கேட்டு வாங்க வேண்டியதுதான். பழைய மாணவர்கள் கொடுப்பதை, அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை வாங்க 2022 இறுதியில் அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' திட்டம் வழியாக அனுப்பலாம். கேட்கும்போது மொத்தத் தொகையைச் சொல்லாதீர்கள். நீளம் தாண்டும் குழிக்கு மணல் ஒரு லோடு, கைப்பந்துக் கம்பம் இரண்டு என்று சொன்னால் கொடுப்பவருக்குக் கை நீளும்.

செயற்கை ஓடுதளம் கேட்க வேண்டாம். கோடிகள் ஆகும், சில வருடங்களில் மறுபடி போட வேண்டி வரும். நன்றாக உருட்டிய மண் தடத்தில் ஓடிப் பழகியவர்கள் மாவட்டப் போட்டியில் ஜெயித்து வந்திருக்கிறார்கள்.

நீளம் தாண்டும் குழிக்கு என்ன கவனிக்க வேண்டும்?

ஓடிவர 40 மீட்டர், குழியின் அகலம் 2.75 மீட்டருக்குக் குறையாமல், காலூன்றும் கோட்டிலிருந்து குழியின் கடைசி வரை 10 மீட்டர். எம்-சாண்ட் போடாதீர்கள், அது கூர்மையாக இருக்கும், தொடையைக் கிழித்துவிடும். பக்கத்திலேயே ஒரு மண்வெட்டி எப்போதும் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மழை பெய்தால் மணல் இறுகிவிடும்.

ஊர்த் திருவிழாவுக்கும் கூட்டத்துக்கும் மைதானத்தைக் கொடுக்கலாமா?

நாங்கள் ஒரு முறை கொடுத்தோம். பந்தல்கால் குழிகள் தடத்தில் பதினேழு இருந்தன, லாரி திரும்பிய தடம் வேறு. சரிசெய்ய இரண்டு மாதம் ஆனது, அதற்குள் வட்டார விளையாட்டுப் போட்டி முடிந்துவிட்டது. இப்போது கட்டடத் தொகுதிகளுக்கு முன்னால் இருக்கும் முற்றத்தை மட்டும் கொடுக்கிறோம். அதற்காக மைதானத்தைப் பூட்டி வைப்பதில்லை. காலை ஆறு மணிக்கு கேட் திறந்துவிடும், ஊர்ப் பிள்ளைகள் யாரும் வரலாம், செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கவரும் பெரியவர்களும் வரலாம். நான் போகும்போது பெரும்பாலும் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எனக்கு முன்னாலேயே வந்து, மண்வெட்டியால் குழியைக் கொத்தி மணலைப் பொலபொலவென்று ஆக்கிக்கொண்டிருப்பாள்.